சத்தியநேசன் உள்ளே இருக்கிறார்

அருமனைக்கு வடக்கே ஒரு ரப்பர் சங்கத்தில்
முன்னறைக் கம்ப்யூட்டரில்
சனிக்கிழமை சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு
முப்பத்தாறை முப்பத்தொன்று ஆக்கியவர்
சத்தியநேசன்.
பதிவு அப்படித்தான் சொல்கிறது.
சத்தியநேசனை அடக்கம் பண்ணி
மூன்று மழைக்காலம் போய்விட்டது.

அந்த எண் பாலின் கனம்.
நூறு பங்கு பாலில் எத்தனை பங்கு ரப்பர் என்று
சுரேந்திரன் உலர்த்தி, நிறுத்து,
துண்டுச்சீட்டில் எழுதி வைப்பது.
சீட்டில் முப்பத்தாறு. திரையில் முப்பத்தொன்று.
பதினோரு நாள் அப்படி,
பதினொன்றும் ஞானசௌந்தரி கொண்டுவந்த கேன்.

"அப்போ செத்தவருட்ட போயா நான் பைசா கேக்கணும்?"
என்றாள் அவள்,
விரலில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே.

ஃபோல்டரின் பெயர் 'கணக்கு'.
யாருக்கு அனுமதி: எல்லோருக்கும்.
என்னென்ன செய்ய: எல்லாமும்.
கோழிக்கூட்டுக்கும் கொண்டி போடுகிற ஊர் இது.

பாஸ்வேர்டு, அவர் ஓட்டிய பைக்கின் நம்பர்.
அஜிதாவுக்குத் தெரியும், சுரேந்திரனுக்குத் தெரியும்,
செக்ரட்டரி வில்பிரட் சாருக்குத் தெரியும்,
லோடு ஏற்ற வந்த பையனுக்கும்
பில் அடிக்க ஒருநாள் சொன்னார்களாம்.
போதாததற்கு
மானிட்டரின் அடியில் ஒட்டியும் இருக்கிறது.
எல்லோரும் காலையில் சத்தியநேசனாக நுழைந்து
மாலையில் சத்தியநேசனாக வெளியேறுகிறார்கள்.
நல்ல மனுஷன்.
உயிரோடு இருந்தபோதும் யாரிடமும்
முடியாது என்று சொன்னதில்லையாம்.

இன்னும் கீழே போனேன்.
செவ்வாய் மதியம் பன்னிரண்டு பத்து: சத்தியநேசன்.
அது நான்.
பிரிண்டர் பார்க்க வந்தவள்,
எனக்கென ஒரு கணக்குத் திறக்கச் சோம்பல்பட்டு
அவர் பெயரில் புகுந்திருக்கிறேன்.
அன்று யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

மழை. கரண்ட் போனது.
மேசைக்கடியில் யுபிஎஸ் விட்டுவிட்டுக் கூவியது.
ஆளுக்கொரு பெயர் போட்டேன்.
சுரேந்திரன் எழுதலாம்;
இரவு பத்துக்கு அன்றைய கோப்பு
அவனும் தொட முடியாத இடத்துக்குப் போய்விடும்.
அஜிதா பில் அடிக்கலாம், எண்ணை மாற்றலாகாது.
வில்பிரட் சார் பார்க்கலாம்.

"பார்க்க மட்டுமா?"
"பார்க்க மட்டும்."
"நான் செக்ரட்டரியாக்கும், மக்ளே."
"அதனாலதான் சார்."
என் பில்லில் கையெழுத்துப் போட வேண்டியவர்
பேனாவின் மூடியைத்
திறந்தார், மூடினார், திறந்தார்.

கடைசியில் சத்தியநேசன்.
அழித்துவிடலாம். அழித்தால்
அவர் உண்டாக்கிய கோப்புகளிலெல்லாம்
உரிமையாளர் என்ற இடத்தில் பெயர் போய்
வாலும் தலையும் இல்லாத ஒரு நீள எண் நிற்கும்.
யாருடையது என்று மெஷினுக்கே ஓர்மை இருக்காது.
அழிக்கவில்லை. முடக்கினேன்.
ஒன்பது வருஷ வரவுசெலவில் அவர் இருக்கட்டும்,
சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வர வேண்டாம்.

முப்பத்தாறைக் குறைத்தது யார்?
தெரியாது. இனி நடப்பதற்குத்தான்
இதெல்லாம் சாட்சி சொல்லும்.
ஞானசௌந்தரியிடம் சொன்னேன்.
உரித்த பாலை உருட்டி உருட்டி
மிளகளவு உருண்டையாக்கி மேசைமேல் வைத்தாள்.
"இதுல எத்தன பெர்சென்ட் காணும்?" என்றாள்.

தொடுவெட்டி பஸ்ஸுக்கு நிற்கையில்
அஜிதாவின் செய்தி:
அக்கா, எனக்க பாஸ்வேர்ட சார் கேக்காரு. குடுக்கட்டா?

குடுக்காதே.
அனுப்பினேன். அதற்குள் டவர் போயிற்று.
ஒற்றை டிக்.
பஸ் வந்தது, ஏறினேன், ஷட்டரை இறக்கிவிட்டேன்.
மேல்புறம் தாண்டியும்
ஒற்றை டிக்.